பெயர்ப் பட்டியல் வேண்டாம், பக்கச் சங்கிலியைப் பாருங்கள்: புரதம் பற்றி ஒரு வீட்டுச் செய்முறை

உயிர்வேதியியலைப் படிக்க உட்காரும் பலரும் களைத்துப்போகும் இடம் 20 அமினோ அமிலங்களின் பெயர்ப் பட்டியல்தான். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளும் சரி, பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க நினைக்கும் பெற்றோரும் சரி, அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்யத் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள். பெயர்கள் பிறகு தானாக வரும். புரதம் என்பது அமினோ அமிலங்களை வரிசையாகக் கோத்த சங்கிலி. முதலில் புரிய வேண்டியது ஒன்றே ஒன்று: ஒவ்வோர் அமினோ அமிலத்துக்கும் ஒரு பக்கச் சங்கிலி உண்டு. அதன் குணம்தான் புரதத்தின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. வடிவம்தான் புரதம் என்ன வேலை செய்யும் என்பதைத் தீர்மானிக்கிறது.

இதைக் காகிதத்திலும் அடுப்படியிலும் செய்துபார்த்தே கற்றுக்கொள்ளலாம். வளையும் கைவினைக் கம்பி, நான்கு நிறத்தில் ஒட்டுநாடா, பால், எலுமிச்சை, சமையல் சோடா, முட்டை, ஜெலட்டின், அகர் அகர் தூள், கொஞ்சம் புதிய அன்னாசி, ஒரு டின் அன்னாசி ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் தேக்கா சந்தையிலோ பக்கத்துப் பேரங்காடியிலோ எல்லாமே கிடைக்கும். சைவம் சாப்பிடுபவர்களும் ஹலால் பார்ப்பவர்களும் ஜெலட்டின் பொட்டலத்தில் அது எதிலிருந்து எடுத்தது என்று பார்த்து வாங்குங்கள். வேண்டாம் என்றால் அந்தச் சோதனையைப் படித்து மட்டும் புரிந்துகொள்ளலாம்.

படி 1: ஓர் அமினோ அமிலத்தை வரையுங்கள்

தாளின் நடுவில் ஒரு கார்பன் அணுவைப் போடுங்கள். அதிலிருந்து நான்கு கோடுகள். முதல் கோட்டின் முனையில் நைட்ரஜன் உள்ள அமினோ தொகுதி. இரண்டாவதில் கார்பாக்சில் என்ற அமிலத் தொகுதி. மூன்றாவதில் ஒரே ஒரு ஹைட்ரஜன். இந்த மூன்றும் ஏறக்குறைய எல்லா அமினோ அமிலங்களிலும் ஒன்றுதான். புரோலினில் மட்டும் பக்கச் சங்கிலி வளைந்து வந்து நைட்ரஜனோடு சேர்ந்து வளையமாகிவிடும். நான்காவது கோட்டின் முனையில் ஒரு வட்டம் போட்டு காலியாக விடுங்கள். அதுதான் பக்கச் சங்கிலி.

வட்டத்தில் வெறும் ஹைட்ரஜனைப் போட்டால் அது கிளைசின், எல்லாவற்றிலும் சிறியது. ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் போட்டால் அலனின். இந்த இரண்டையும் கையால் வரைந்துவிட்டால் மற்ற 18 அமிலங்களைப் பார்த்துப் பயம் வராது.

படி 2: இரண்டைச் சேருங்கள்

இரண்டு கிளைசின்களைப் பக்கத்தில் பக்கத்தில் வரையுங்கள். முதலாவதன் அமிலத் தொகுதியிலிருந்து ஓர் ஆக்சிஜனையும் ஒரு ஹைட்ரஜனையும், இரண்டாவதன் அமினோ தொகுதியிலிருந்து ஒரு ஹைட்ரஜனையும் அடித்துவிடுங்கள். அடித்ததைச் சேர்த்தால் ஒரு தண்ணீர் மூலக்கூறு. மிஞ்சிய இரண்டு முனைகளையும் ஒரு கோட்டால் இணையுங்கள். இதுதான் பெப்டைட் பிணைப்பு.

கணக்குப் போட்டும் பார்க்கலாம். கிளைசினின் மூலக்கூறு எடை ஏறத்தாழ 75. இரண்டு சேர்ந்தால் 150, தண்ணீர் 18 போக 132. சாப்பிட்ட புரதத்தை வயிறும் குடலும் செரிக்கும்போது இதே கணக்கு திரும்பி நடக்கிறது, ஒவ்வொரு பிணைப்பையும் உடைக்க ஒரு தண்ணீர் மூலக்கூறு செலவாகும்.

நம் உயிரணுவுக்குள் இந்த இணைப்பு வேலையைச் செய்வது ரைபோசோம். அதன் அமைப்பை அணு அணுவாக விளக்கியதற்காக 2009இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன்.

படி 3: 20 பேரையும் பிரித்து வையுங்கள்

பக்கச் சங்கிலி தண்ணீரோடு எப்படிப் பழகுகிறது என்பதை வைத்து நான்கு கூட்டமாகப் பிரியுங்கள்.

மஞ்சள், தண்ணீரை விட்டு ஒதுங்குபவை: அலனின், வாலின், லியூசின், ஐசோலியூசின், மெத்தியோனின், ஃபினைல்அலனின், டிரிப்டோஃபேன், புரோலின். கிளைசினையும் இங்கேயே வைக்கலாம், ஆனால் அது எங்கும் ஒட்டாத தனிப் பிறவி.

நீலம், மின்னூட்டம் இல்லாமலே தண்ணீரோடு ஒத்துப்போகக்கூடியவை: செரின், திரியோனின், அஸ்பராஜின், குளுட்டமின், டைரோசின், சிஸ்டீன்.

பச்சை, நேர் மின்னூட்டம் கொண்டவை: லைசின், ஆர்ஜினின், சூழ்நிலையைப் பொறுத்து ஹிஸ்டிடின்.

சிவப்பு, எதிர் மின்னூட்டம் கொண்டவை: அஸ்பார்ட்டிக் அமிலம், குளுட்டமிக் அமிலம். குளுட்டமிக் அமிலத்தின் சோடியம் உப்புதான் கடைகளில் விற்கும் அஜினோமோட்டோ. 1908இல் ஜப்பானில் கிகுனே இகேடா கொம்பு என்ற கடற்பாசியிலிருந்து அந்த அமிலத்தைப் பிரித்தெடுத்தார்.

இவற்றில் 9 அமிலங்களை நம் உடலால் செய்துகொள்ள முடியாது, சாப்பாட்டில்தான் வர வேண்டும். அரிசியில் லைசின் குறைவு. உளுந்தில் லைசின் தாராளம், மெத்தியோனின் குறைவு. இரண்டையும் சேர்த்து அரைத்து ஊற்றும் தோசையில் ஒன்றின் குறையை இன்னொன்று நிரப்புகிறது. நம் சாப்பாட்டில் எனக்குப் பிடித்த வேதியியல் இதுதான்.

படி 4: கம்பியை மடியுங்கள்

முதலில் ஒரு கிண்ணம் தண்ணீரில் நல்லெண்ணெய் சில சொட்டு விட்டுக் கலக்கிவிட்டுக் காத்திருங்கள். சிதறிய துளிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொள்ளும். தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளவே பார்க்கின்றன, எண்ணெய் ஓரம் கட்டப்படுகிறது. புரதம் மடிவதற்கு முக்கியமான காரணமும் இதேதான்.

கம்பிதான் புரதச் சங்கிலி, ஒவ்வோர் ஒட்டுநாடாவும் அந்த நிறக் கூட்டத்தைச் சேர்ந்த ஓர் அமினோ அமிலம். இப்போது கம்பியில் இடைவெளி விட்டு 20 இடத்தில் ஒட்டுநாடா சுற்றுங்கள்: மஞ்சள் 8, நீலம் 6, பச்சை 3, சிவப்பு 3. வரிசை உங்கள் விருப்பம், ஒரே நிறம் எல்லாம் ஒரே இடத்தில் குவியாமல் பார்த்துக்கொண்டால் போதும். பிறகு மடியுங்கள். மூன்று விதிகள்: மஞ்சள் உள்ளே போக வேண்டும், சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை வந்தால் நல்லது, கம்பி தன்னையே ஊடுருவக் கூடாது. வீட்டில் இன்னொருவரிடம் வேறு வரிசையில் சுற்றிக் கொடுத்து மடிக்கச் சொல்லுங்கள். வரிசை மாறினால் வடிவம் மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

உண்மையான புரதத்தில் சில பகுதிகள் சுருளாகவும் சில பகுதிகள் தட்டையான மடிப்புகளாகவும் அமையும். முதலாவது ஆல்ஃபா சுருள், சுற்றுக்கு 3.6 அமினோ அமிலம். இரண்டாவது பீட்டா தாள். இந்தப் பெயர்கள் இப்போதைக்குப் போதும்.

அடுத்தது முக்கியம். மடித்த உருவத்தின் வெளியே தெரியும் ஒரு சிவப்பை எடுத்துவிட்டு அங்கே மஞ்சளைச் சுற்றுங்கள். தண்ணீரை விட்டு ஒதுங்கும் ஒன்று இப்போது வெளியே மாட்டிக்கொண்டு நிற்கிறது. அரிவாள் உயிரணு நோயில் நடப்பது இதுதான். இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். அதில் 6வது இடத்தில் குளுட்டமிக் அமிலத்துக்குப் பதிலாக வாலின் வந்துவிடுகிறது. ஆக்சிஜன் குறையும்போது அந்த வாலின் பக்கத்து ஹீமோகுளோபினில் உள்ள ஒரு பள்ளத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். இப்படி ஒன்றோடொன்று கோத்து நீண்ட இழைகளாகி, சிவப்பணுவையே அரிவாள் வடிவத்துக்கு வளைத்துவிடும். 146இல் ஒன்று!

சிங்கப்பூரில் பிள்ளை பெற்றவர்களுக்கு ஜி6பிடி சோதனை பற்றித் தெரிந்திருக்கும். பிறந்த குழந்தைகள் எல்லோருக்கும் செய்கிறார்கள். ஜி6பிடி என்பது சிவப்பணுவைப் பாதுகாக்கும் ஒரு நொதி, அதாவது வேலை செய்யும் புரதம். அதில் 515 அமினோ அமிலங்கள். பெரும்பாலான குறைபாடுகளில் அவற்றில் ஒன்றே ஒன்றுதான் மாறியிருக்கும். குறைபாடு உள்ள குழந்தையின் சிவப்பணுக்களை அந்துருண்டை சிதைத்துவிடக்கூடும். அதைக் குழந்தையிடம் வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்வதன் பின்னால் இருப்பது இந்த ஓர் எழுத்துப் பிழைதான்.

படி 5: பாலைத் திரியுங்கள், இரண்டு விதமாக

குளிர்பதனப் பகுதியில் விற்கும் பாஸ்டுரைஸ் செய்த பாலை வாங்குங்கள். அலமாரியில் மாதக்கணக்கில் இருக்கும் பெட்டிப்பால் வேண்டாம், அதிகச் சூட்டில் அதன் புரதங்கள் பல ஏற்கெனவே மாறியிருக்கும்.

200 மில்லி பாலைக் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்து அடுப்பை அணையுங்கள். எலுமிச்சைச் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு மெதுவாகக் கிளறுங்கள். இரண்டு மேசைக்கரண்டி அளவுக்குள் வெள்ளைத் திப்பிகள் பிரிந்து, இளம் பச்சை கலந்த மஞ்சள் நீர் தெரியும். மெல்லிய துணியில் வடிகட்டுங்கள்.

துணியில் நிற்பது கேசீன், பால் புரதத்தில் ஏறக்குறைய 80 விழுக்காடு. பாலில் இது எதிர் மின்னூட்டத்தோடு இருப்பதால் துணுக்குகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. எலுமிச்சையின் அமிலம் அந்த மின்னூட்டத்தை ஈடுகட்டிவிடுகிறது. அமிலத்தன்மை பிஎச் 4.6ஐ நெருங்கும்போது கேசீனின் நிகர மின்னூட்டம் பூஜ்யம். தள்ளும் விசை போய்விட்டதால் எல்லாம் கட்டியாகிவிடும். வெறும் மின்னூட்டக் கணக்குதான் மாறியது. நம்பவில்லையா? திப்பியில் கொஞ்சம் எடுத்து, சில சொட்டு வெந்நீரும் ஒரு சிட்டிகை சமையல் சோடாவும் சேர்த்து நன்றாகக் குழையுங்கள். மின்னூட்டம் திரும்பி வந்து, திப்பி வழவழப்பான பசையாகக் கரையத் தொடங்கும்.

அப்புறம் வடிகட்டிய நீரைக் கொட்டிவிடாதீர்கள். அதைத் தனியாகக் கொதிக்க வையுங்கள். தெளிவாக இருந்த நீரில் புதிதாக வெள்ளைத் துகள்கள் தோன்றும். இவை மோர்ப்புரதங்கள். அமிலத்துக்கு அசையாமல் கரைந்தே இருந்தவை. சூடு அவற்றின் மடிப்பைப் பிரித்து, உள்ளே ஒளிந்திருந்த மஞ்சள் பகுதிகளை வெளியே இழுத்துவிட்டது. அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. இங்கே சமையல் சோடா போட்டாலும் பழைய மடிப்பு திரும்பாது.

முட்டையிலும் இதே கதை. காப்பிக்கடையில் காயா ரொட்டியோடு வரும் அரைவேக்காட்டு முட்டையைக் கவனியுங்கள். வெள்ளைக்கரு பால் நிறமாகியிருக்கும், ஆனால் வழுக்கிக்கொண்டு ஓடும். வெள்ளைக்கருவில் பல புரதங்கள் உண்டு. ஓவோடிரான்ஸ்ஃபெரின் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் இறுகத் தொடங்கும். பாதிக்கும் மேற்பட்ட பங்கு வகிக்கும் ஓவால்புமின் இறுக 80 டிகிரியை ஒட்டி வர வேண்டும். அடுப்பில் வைக்காமல் வெந்நீரில் மூடி வைக்கும் முட்டை அந்த இரண்டாவது படிக்குப் போவதில்லை. கறுப்பு சோயாவும் மிளகுத்தூளும் போடுவதற்கு முன் ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தால் போதும்.

படி 6: அன்னாசியை மேலே வையுங்கள்

ஜெலட்டினைப் பொட்டலத்தில் சொன்னபடி கரைத்து இரண்டு கிண்ணத்தில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் உறையவிடுங்கள். அகர் அகரைக் காய்ச்சி ஒரு கிண்ணத்தில் ஊற்றுங்கள். உறைந்த பிறகு முதல் ஜெலட்டின்மீதும் அகர் அகர்மீதும் புதிய அன்னாசித் துண்டு வையுங்கள். இரண்டாவது ஜெலட்டின்மீது டின் அன்னாசி. மூன்றையும் மறுபடி குளிரில் வைத்து, சில மணி நேரம் கழித்துப் பாருங்கள்.

புதிய அன்னாசிக்குக் கீழே ஜெலட்டின் குழிந்து நீராகியிருக்கும். மற்ற இரண்டும் அப்படியே இருக்கும். அன்னாசியில் உள்ள புரோமெலைன் என்ற நொதி பெப்டைட் பிணைப்புகளை வெட்டுகிறது. டின்னில் அடைக்கும்போது காட்டிய சூட்டில் அந்த நொதியே மடிப்புக் கலைந்துபோனது. அகர் அகர் புரதமே கிடையாது, கடற்பாசியின் சர்க்கரைச் சங்கிலி. அதில் வெட்டுவதற்குப் பெப்டைட் பிணைப்பு ஒன்றுகூட இல்லை.

ஜெலட்டின் கிண்ணத்தை மேசையில் மறந்துவிட்டால் நம் ஊர்ச் சூட்டுக்கே தளர்ந்துவிடும் என்பதையும் கவனிப்பீர்கள். ஜெலட்டின் என்பது வேகவைத்துப் பிரித்த கொலாஜன், தோலையும் எலும்பையும் தாங்கும் புரதம். கொலாஜனில் மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றிப் பின்னியிருக்கின்றன என்று 1954இல் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். பின்னலின் நடுவே இடம் மிகக் குறைவு. அதனால் ஒவ்வொரு மூன்றாவது அமினோ அமிலமும் கிளைசினாக இருக்கிறது. படி 1இல் வட்டத்துக்குள் வெறும் ஹைட்ரஜன் போட்டோமே, அந்தச் சின்னப் பக்கச் சங்கிலிக்கு மட்டும்தான் அங்கே இடம் உண்டு. புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்று 1963இல் ராமச்சந்திரனும் அவர் குழுவினரும் போட்ட வரைபடத்தை இன்றும் உலகம் முழுக்கப் புரத அமைப்புகளைச் சரிபார்க்கப் பயன்படுத்துகிறார்கள். தமிழ்ப் பிள்ளைகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் இது.

படி 7: உண்மையான வரிசையைப் படியுங்கள்

யூனிபுரோட் என்ற இலவச இணையத்தளத்தில் மனித இன்சுலினைத் தேடுங்கள். 110 எழுத்துகள் வரிசையாகத் தெரியும், ஒவ்வோர் எழுத்தும் ஓர் அமினோ அமிலம். முதல் 24 முகவரிச் சீட்டு, வேலை முடிந்ததும் வெட்டப்படும். நடுவிலும் ஒரு துண்டு வெட்டப்படும். மிஞ்சுவது 30 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சங்கிலியும் 21 கொண்ட இன்னொன்றும், மொத்தம் 51. அவற்றில் சிஸ்டீனுக்குரிய ஆங்கில எழுத்தான சி எத்தனை என்று எண்ணுங்கள். ஆறு வரும். இரண்டிரண்டாகச் சேர்ந்து மூன்று கந்தகப் பிணைப்புகளாகி வடிவத்தை இறுக்கிப் பிடிக்கின்றன. இந்த வரிசையை 1955இல் முழுமையாகக் கண்டறிந்த ஃபிரெடரிக் சாங்கருக்கு 1958இல் நோபல் கிடைத்தது.

வீட்டில் யாராவது இன்சுலின் போட்டுக்கொண்டால், அதை ஏன் மாத்திரையாக விழுங்க முடியாது என்பது இப்போது புரியும்: அன்னாசி ஜெலட்டினுக்குச் செய்ததை வயிறும் குடலும் இன்சுலினுக்குச் செய்துவிடும். திறக்காத மருந்தை 2 முதல் 8 டிகிரியில் வைக்கச் சொல்வதும், உறைந்துபோனதைப் பயன்படுத்த வேண்டாம் என்பதும் அந்த 51இன் மடிப்பைக் காப்பாற்றத்தான்.

அடுத்து அதே தளத்தில் ஹீமோகுளோபின் பீட்டாவைத் திறந்து 6வது இடத்தைத் தேடுங்கள். ஒரு கவனம்: திரையில் 147 எழுத்துகள் இருக்கும், ஏனென்றால் தொடக்கத்தில் வரும் மெத்தியோனின் பிறகு நீக்கப்படும். அதனால் 7வது எழுத்தைப் பார்க்க வேண்டும். குளுட்டமிக் அமிலத்தின் அடையாளமான ஆங்கில எழுத்து ஈ (E) அங்கே இருக்கும்.