தையல் பிரித்தாயிற்று, அப்புறம்?

தலையில் பலமாக அடிபட்ட பிள்ளை மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து காரைக்குடிக்கு வந்தாயிற்று. பிள்ளையார்பட்டியில் நேர்த்திக்கடனும் முடிந்தது. திங்கட்கிழமையே பழையபடி முழுநாள் பள்ளி. முதல் தவறு இதுதான். ஓடியாடுகிற பிள்ளைதான், ஆனால் பதினொரு மணிக்கெல்லாம் மூளை களைத்துவிடும். அதைப் போய்ச் சோம்பல், திமிர் என்கிறோம். டாக்டரைக் கேட்டு அரை நாளில் தொடங்குங்கள். நடுவே ஓய்வு, குறைந்த வீட்டுப்பாடம்.

சொந்தபந்தம் கூடுகிற நம் செட்டிநாட்டு வளவு வீட்டில் இன்னொரு தொல்லை உண்டு. பார்க்க வருகிற ஆச்சிமார் எல்லாரும், "நான் யாருன்னு சொல்லு பார்ப்போம்?" என்று பரீட்சை வைப்பார்கள். அன்புதான், ஆனால் பிள்ளை மிரண்டுபோகும். பெயரை நீங்களே சொல்லிவிடுங்கள்.

பெரிய தவறு, ஒரு வருஷம் ஒழுங்காகப் படித்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று விட்டுவிடுவது. திட்டமிடுவது, கோபத்தை அடக்குவது போன்றவற்றைப் பார்த்துக்கொள்ளும் மூளையின் முன்பகுதி, இருபது வயது தாண்டியும் வளர்கிறது. ஐந்து வயதில் பட்ட அடியின் பாதிப்பு ஒன்றாம் வகுப்பில் வெளியே தெரியாமலே இருக்கலாம். ஆறாம் வகுப்பில் பாடத்துக்கொரு ஆசிரியர், பாடத்துக்கொரு நோட்டு என்று வரும்போது பிள்ளை திணறும். அதற்குள் அந்த அடியை வீடே மறந்திருக்கும். நகை ரசீதை இரட்டைப் பூட்டுப் போட்டு வைக்கிற நாம், ஆஸ்பத்திரி எழுதிக் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் பரணில் போட்டுவிடுகிறோம். ஒவ்வொரு ஜூனிலும் அதன் நகல் புது வகுப்பாசிரியர் கைக்குப் போகட்டும்.

"நாளைக்குக் கல்யாணம் பேசும்போது கேட்பார்களே" என்று, அதுவும் பெண்பிள்ளை என்றால், பள்ளியிடமே மறைக்கிறவர்கள் உண்டு. எனக்கு இதில்தான் கோபம் வரும். பாதிப்புக்கு மருத்துவச் சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமோ, சொல்வதை எழுதும் ஆளோ கேட்கலாம். தலைமையாசிரியர் வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். கல்வித்துறையின் வட்டார வள மையத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு உதவும் சிறப்புப் பயிற்றுநர்களும் இருக்கிறார்கள். மறைத்தால் இதெல்லாம் எப்படிக் கிடைக்கும்?

வலிப்பு மாத்திரையை, "இப்பத்தான் வரலையே" என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டர் சரி என்கிற வரை மரம் ஏறுவதும் கிரிக்கெட்டும் வேண்டாம். ஆறாத மூளை இன்னோர் அடியைத் தாங்காது. பைக்கில் நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கும் ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம். கடைத்தெரு வரைதானே என்று வெறுந்தலையோடு டேங்க் மேல் உட்காரவைக்கிற அப்பச்சிமாருக்கும், அதாவது அப்பாக்களுக்கும், சேர்த்துத்தான் சொல்கிறேன்.