கட் தெரியாமல் இரண்டு ஷாட்டை ஒட்டுவது எப்படி?

வேலூர் லாங் பஜாரில் நடக்கத் தொடங்கும் ஆள், ஒரு தூணைத் தாண்டியதும் கோட்டை மதிலோரம் நடந்துகொண்டிருக்க வேண்டும். எடுப்பது இரண்டு ஷாட். பார்ப்பவருக்கு ஒன்றே ஒன்று. எடிட்டிங் இதில் கால்வாசிதான், மீதி எடுக்கும்போதே முடிகிற வேலை.

முதலில் செட்டிங். போன் கேமராவில் எல்லாவற்றையும் நாமே அமைக்கும் ப்ரோ மோடு போட்டு, நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 நொடி வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் கடை டியூப்லைட் மினுக்காது. ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்) 5500, ஃபோகஸ், ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) எல்லாவற்றையும் லாக் செய்யுங்கள். ஆட்டோவில் விட்டால் தூண் குறுக்கே வந்ததும் ஃபோகஸ் அதற்குத் தாவும், வெளிச்சமும் ஏறி இறங்கும். அங்கேயே குட்டு உடையும்.

வேலூர் வெயிலில் 1/50 வைத்தால் படம் வெளுத்துவிடும். எஃப் 1.8 லென்ஸ், ஐஎஸ்ஓ 50 என்றால் உச்சி வெயிலுக்கு ஷட்டர் 1/4000 வரை தேவைப்படும். அதை 1/50க்கு இறக்க, வெளிச்சத்தை 64-ல் ஒரு பங்காகக் குறைக்கும் என்டி 64 ஃபில்டர் மாட்டுங்கள். ஃபில்டர் இல்லையா? இரண்டு ஷாட்டையும் விடிந்தும் விடியாத வேளையில், நிழலிலேயே எடுங்கள்.

ஷாட் 1: ஆளுக்கும் உங்களுக்கும் நடுவில் தூண் வரும்படி, பக்கவாட்டில் இடமிருந்து வலமாக நடங்கள். தூண் ஒரு கை தூரத்தில் இருக்கட்டும். ஃப்ரேமில் அது வலப்பக்கம் நுழைந்து இடப்பக்கம் வெளியேறும். தூணைத் தாண்டியும் நாலு எட்டு நடந்த பிறகே நிறுத்துங்கள்.

ஷாட் 2: கோட்டையில் அதே திசை, அதே வேகம், போன் அதே நெஞ்சு உயரம். ஆளும் ஃப்ரேமில் அதே அளவில் தெரிய வேண்டும். வாய்விட்டு எண்ணிக்கொண்டே நடந்தால் வேகம் மாறாது. கோட்டை தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது, ட்ரைபாட் வைக்க அனுமதி வேண்டும். கையில் பிடித்தே எடுங்கள்.

இனி எடிட்டிங். ஷாட் 1 மேல் ட்ராக்கில், ஷாட் 2 கீழே. மேல் கிளிப்பில் மாஸ்க் (படத்தின் ஒரு பகுதியை மட்டும் மறைக்கும் வசதி) போட்டு, தூணின் வலது ஓரத்துக்கு அந்தப்பக்கம் இருப்பதை மறையுங்கள். அந்த இடத்தில் கோட்டை தெரியும். தூண் நகர நகர மாஸ்க்கும் நகர, 2 அல்லது 3 ஃப்ரேமுக்கு ஒரு கீஃப்ரேம் (மாஸ்க்கின் இடத்தைக் குறிக்கும் புள்ளி) வையுங்கள். ஓரத்தை 5 முதல் 10 பிக்சல் வரை மட்டும் ஃபெதர் செய்யுங்கள், அதாவது மங்கலாக்குங்கள். அதற்கு மேல் போனால் தூணைச் சுற்றிப் புகை மாதிரி தெரியும். ஓரம் நடுங்கினால் கீஃப்ரேமைக் கூட்டுங்கள், ஃபெதரை அல்ல.

தூண் அமையாவிட்டால் கேமராவைச் சட்டென்று 90 டிகிரி திருப்பி, இரண்டாவது ஷாட்டை அதே பக்கத் திருப்பலில் தொடங்கி, படம் முழுக்கக் கலங்கிய ஃப்ரேமில் வெட்டலாம். போனின் ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடுங்கள். திருப்பும்போது அது படத்தைப் பிடித்து இழுத்துத் துள்ள வைக்கும்.

படம் கச்சிதமாக ஒட்டியும் உறுத்துகிறதா? சத்தம்தான். பஜார் ஹாரன் பாதியில் அறுந்தால் கண்ணை மூடியிருப்பவருக்கும் கட் தெரிந்துவிடும். கோட்டைச் சத்தத்தை 10 ஃப்ரேம் முன்னதாகவே மெல்ல ஏற்றுங்கள், பஜார் சத்தம் வெட்டுக்குப் பிறகும் ஒரு நொடி தேய்ந்து ஓயட்டும். செருப்புச் சத்தத்தைத் தனியாக ஒரே டேக்கில் பதிந்து இரண்டுக்கும் அடியில் ஓடவிடுங்கள்.