பள்ளி விண்ணப்பத்தில் ‘ரைட்டிங் சாம்பிள்’ கேட்டால் எந்தப் பக்கத்தை அனுப்புவது?

தனியார் விடுதிப் பள்ளிகளில் சில, விண்ணப்பத்தோடு பிள்ளை எழுதிய ஒரு கட்டுரையையும் கேட்கின்றன. படிவத்தில் ‘ரைட்டிங் சாம்பிள் இணைக்கவும்’ என்று ஒரு வரிதான் இருக்கும். அக்கா மகளை ஒன்பதாம் வகுப்பில் சேர்க்க இந்த வேலையை நான்தான் உட்கார்ந்து முடித்தேன். சேலத்தில் இன்னும் பல வீடுகளில் இதே இடத்தில் திணறுவதைப் பார்ப்பதால் எழுதி வைக்கிறேன். டி.சி., பிறப்புச் சான்றிதழ், மார்க் ஷீட் பற்றியெல்லாம் உங்களுக்கே தெரியும்.

முதல் வேலை: பள்ளி அலுவலகத்துக்கு ஒரு போன்

எத்தனை பக்கம், ஆங்கிலம் மட்டுமா தமிழும் ஆகுமா, கையெழுத்தா டைப் செய்ததா, வகுப்பில் எழுதி ஆசிரியர் திருத்தியதா புதிதாக எழுதியதா? இந்த நான்கையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஏற்காடு என்றாலே நமக்கு 1917இல் தொடங்கிய மான்ட்போர்ட் பள்ளிதான் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் மலையில் பள்ளிகள் பல. ஒரு பள்ளியின் முறை இன்னொன்றுக்குப் பொருந்தாது. பக்கத்து வீட்டில் சொன்னதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

இரண்டாவது: நோட்டுகளைப் பரப்புவது

ஆங்கில நோட்டு மட்டும் போதாது. அறிவியல் ப்ராஜெக்ட், பள்ளி ஆண்டு மலர், டைரி, நோட்டின் கடைசிப் பக்கங்கள் எல்லாவற்றையும் எடுங்கள். காம்போசிஷன் நோட்டில் இருப்பது பெரும்பாலும் போர்டில் எழுதிப்போட்டதும் கைடில் இருப்பதும்தான். வகுப்பில் நாற்பது பேர் நோட்டிலும் அதே கட்டுரைதான் இருக்கும்.

மூன்றாவது: தேர்ந்தெடுப்பது

நாங்கள் அதிக நேரம் நின்றது இங்கேதான். கடைசியில் கையில் மூன்று பக்கங்கள் மிஞ்சின.

ஒன்று, மழைக்காலம் பற்றிய கட்டுரை. பத்துக்கு ஒன்பது. பிழையே இல்லை, ஆனால் முழுக்க கைடு.

இன்னொன்று, ஏற்காடு சுற்றுலா. இருபது கொண்டை ஊசி வளைவு, ஏரியில் படகு, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், வீடு திரும்பினோம். அங்கே போகாத பிள்ளையும் இதை எழுதிவிடும்.

மூன்றாவது, ‘மறக்க முடியாத நாள்’ என்று மிஸ் கொடுத்த தலைப்பு. அக்கா வீட்டுக்காரருக்குச் சேகோ மில் (ஜவ்வரிசி ஆலை) இருக்கிறது. ஜவ்வரிசி களத்தில் காயும்போது திடீரென்று மழை வந்த நாளைப் பற்றி எழுதியிருந்தாள். ‘மலை கண்ணுக்கு மறைஞ்சா மழை வந்துரும்’ என்று பாட்டி எல்லோருக்கும் முன்பே தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடியது, ஈர ஜவ்வரிசி உள்ளங்காலில் ஒட்டிக்கொண்டது, அன்று இரவு யாரும் மழையைத் திட்டாமல் கணக்கு நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. ஸ்பெல்லிங் பிழைகளைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, மிஸ் கொடுத்தது பத்துக்கு ஆறு.

வீட்டில் எல்லோரும் ஒன்பது மார்க் பக்கம்தான் என்றார்கள். நான் ஆறு மார்க்கில் நின்றேன். மார்க் ஷீட் தனியாகப் போகிறது. மார்க்கை இங்கேயும் காட்டத் தேவையில்லை. இந்தப் பக்கத்தில் அவர்கள் பார்ப்பது, இந்தப் பிள்ளை எதைக் கவனிக்கிறது, அதைச் சொந்தமாகச் சொல்ல வருகிறதா என்பதை. நேர்காணலில் ‘இதைப் பற்றிச் சொல்லும்மா’ என்று கேட்டால், கைடு கட்டுரைக்கு என்ன பதில் இருக்கும்? களத்தைப் பற்றி அவள் அரை மணி நேரம் பேசுவாள். எந்தப் பக்கத்தைப் பற்றிப் பிள்ளை தானாகப் பேச ஆரம்பிக்கிறதோ, அதைத் தனியே எடுத்து வையுங்கள். முடிவைப் பிள்ளையே எடுக்கட்டும். அவள் எடுத்ததும் களத்தைத்தான்.

நான்காவது: பேனாவைக் கீழே வையுங்கள்

சித்தப்பா திருத்துகிறார், டியூஷன் சார் இரண்டு பெரிய வார்த்தை சேர்க்கிறார் என்று ஆரம்பித்தால் அது பிள்ளையின் எழுத்தாக இருக்காது. நுழைவுத் தேர்வில் அங்கேயே உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதச் சொன்னால், இரண்டையும் அருகருகே வைத்ததும் வித்தியாசம் தெரிந்துவிடும். பிழை இருக்கட்டும். மிஸ் போட்ட சிவப்பு வட்டமும் இருக்கட்டும். புதிதாக எழுதியதைப் பள்ளி கேட்டிருந்தால், பிள்ளை தானே படித்துத் திருத்தலாம். பெரியவர்கள் ‘இந்த இடம் எனக்குப் புரியலை’ என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஐந்தாவது: ஸ்கேன்

வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் எழுத்து மங்கிவிடும். ஸ்கேன் செய்யும் செயலியான கேம்ஸ்கேனர் 2020 ஜூனில் மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் ஒன்று. பழைய போனில் இருந்தாலும் விட்டுவிடுங்கள். என் தேர்வு அடோபி ஸ்கேன். கூகுள் டிரைவில் இருக்கும் ஸ்கேன் வசதியும் போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கறுப்பு வெள்ளைக்கு மாற்றினால் சிவப்பு மையும் கறுப்பாகி, ஆசிரியர் எழுதியது எது, பிள்ளை எழுதியது எது என்று பிரித்தறிய முடியாது. பென்சில் எழுத்து காணாமலே போய்விடும். அடோபியில் ‘ஒரிஜினல் கலர்’ வைத்துக்கொள்ளுங்கள். ட்யூப்லைட்டுக்குக் கீழே எடுத்தால் நம் கை நிழலே பக்கத்தில் விழுகிறது. காலை வெளிச்சத்தில் ஜன்னலோரம் எடுத்தது தெளிவாக வந்தது. எல்லாப் பக்கமும் ஒரே பி.டி.எஃப். ஆக இருக்கட்டும், கோப்பின் பெயர் பிள்ளையின் பெயரும் வகுப்பும்.

பிறகு சேர்த்தது

‘நோட்டையெல்லாம் பழைய பேப்பர் கடையில் போட்டுவிட்டோமே’ என்று சிலர் கேட்டார்கள். பள்ளி புதிதாக எழுதியதை ஏற்றால் கவலையில்லை. ‘என் அம்மா’, ‘சுதந்திர தினம்’ போன்ற தலைப்பு வேண்டாம். கைடு வரிகள் தானாக வந்துவிடும். நம் வீட்டில், தெருவில் நடந்த ஒன்றைக் கேளுங்கள். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வேலை செய்யும் வீட்டுப் பிள்ளைக்குச் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. திருத்திய பக்கம்தான் வேண்டும் என்றால், ஆங்கில ஆசிரியரிடம் கேட்டு ஒன்று எழுதித் திருத்தி வாங்கலாம். இந்த வருஷ நோட்டுகளையாவது ஏப்ரலில் போடாதீர்கள்.

அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவர் அங்கத்திய தனியார் பள்ளி பற்றிக் கேட்டார். அங்கே தனியார் பள்ளிச் சேர்க்கைக்கு எழுதும் எஸ்.எஸ்.ஏ.டி. தேர்விலேயே ஒரு எழுத்துப் பகுதி உண்டு. நடுநிலை, உயர்நிலை வகுப்புகளுக்கு 25 நிமிடம். அதற்கு மார்க் கிடையாது. எழுதியது அப்படியே பள்ளிக்குப் போகும். அதேபோன்ற இன்னொரு தேர்வான ஐ.எஸ்.இ.இ. என்றால் 30 நிமிடம். அந்தப் பகுதிக்கு நோட்டுகளைத் தேட வேண்டிய வேலை இல்லை, கடிகாரம் வைத்து எழுதிப் பழகினால் போதும். அதுபோக ஆசிரியர் திருத்திய பக்கத்தையும் சேர்த்துக் கேட்கும் பள்ளிகள் அங்கே உண்டு. அதற்கு மேலே சொன்னதெல்லாம் பொருந்தும்.