வயதான பூனையின் எடையைக் குறித்து வையுங்கள்
பூனைக்குப் பத்து வயது தாண்டிவிட்டால், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழந்தைகளுக்கான எடைத் தராசில் வைத்துப் பார்த்து, வாந்தி எடுத்த நாட்களையும் சேர்த்துக் குறித்து, டாக்டரிடம் அப்படியே காட்டுங்கள். நாள்பட்ட குடல் அழற்சியானாலும் சரி, மெதுவாக வளரும் குடல் லிம்போமா என்ற புற்றுநோயானாலும் சரி, பல பூனைகளில் எடை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறையும். சில நன்றாகவே சாப்பிடும், ரோமமும் மறைத்துவிடுவதால் கண்ணுக்குப் பிடிபடாது. 4 கிலோ பூனைக்கு 200 கிராம் என்பது 5 சதவீதம், சின்ன விஷயமே இல்லை. ஆனால் தைராய்டு, சிறுநீரகம், சர்க்கரை நோயிலும் எடை குறையும் என்பதால் இதை வைத்து நோயை நீங்களே முடிவு செய்ய முடியாது, ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் வேண்டும். அப்புறம், ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை, மலத்தில் ரத்தம் என்றால் தராசைத் தேடாமல் உடனே கிளம்புங்கள்.