பழைய காஸ்லைட், பம்ப் ஸ்டவ்: பெயிண்ட் உரித்துப் புதிதாக அடிப்பது எப்படி?

மதுரைப் பக்கம் பழைய வீட்டுப் பரண்களில் தேடினால் காற்றடித்து மண்ணெண்ணெயில் எரிக்கும் ஒரு காஸ்லைட்டோ பம்ப் ஸ்டவ்வோ கிடைக்காமல் போகாது. பெயிண்ட் உதிர்ந்து, அடியில் துருவேறிக் கிடக்கும். உடனே ஒரு டப்பா சில்வர் பெயிண்ட் வாங்கி மேலே பூசிவிடாதீர்கள். எதற்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும், எதற்குக் கூடாது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

ஒரு காந்தத்தை டேங்கில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டவில்லை என்றால் பெரும்பாலும் பித்தளை. நல்ல பித்தளை டேங்கை யாரோ ஒரு புண்ணியவான் பெயிண்டால் மூடி வைத்திருப்பார். அதை உரித்துப் புளி போட்டுத் தேய்த்தாலே போதும், மறுபடி பெயிண்ட் எதற்கு? நிக்கல் முலாம் பூசிய பாகத்தில் உப்புத்தாளே படக்கூடாது. காஸ்லைட்டின் மேல்மூடியில் பளபளப்பான பீங்கான் பூச்சு இருந்தால் சோப்புத் தண்ணீரில் கழுவுவதோடு விட்டுவிடுங்கள்.

அடுத்தது காற்றுச் சோதனை. இது பெயிண்ட் வேலைக்கு முன்பே முடிய வேண்டும். டேங்கில் மிச்சமுள்ள மண்ணெண்ணெயை வடித்து, திறந்தபடியே ஒரு நாள் காய விடுங்கள். பம்பின் தோல் வாஷர் காய்ந்து சுருங்கியிருந்தால் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஊற வையுங்கள். பிறகு மூடியை இறுக்கி, காஸ்லைட் என்றால் வால்வை அடைத்து, ஸ்டவ் என்றால் நாசில் துளையை விரலால் பொத்தி, நாலைந்து பம்ப் மட்டும் அடித்து வாளித் தண்ணீரில் அமுக்குங்கள். முதலில் வெளிப்புறத்தில் ஒட்டியிருந்த குமிழ்கள் எழும்பி அடங்கிவிடும். அதன் பிறகும் ஒரே இடத்திலிருந்து சின்னச் சின்னக் குமிழாக வரிசை கட்டி வந்தால் அங்கே ஓட்டை. டேங்க் காற்றழுத்தத்தில் வேலை செய்வது, பெயிண்ட் அதை அடைக்காது. ஓட்டையைப் பற்று வைத்து அடைக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். அடித்தகடே அரித்துப் போயிருந்தால் அழகுக்கு வைத்துக்கொள்ளலாம், தீ மூட்ட வேண்டாம்.

இனி பிரித்தெடுங்கள். காஸ்லைட்டில் பழைய மேண்டில் (ஒளிவிடும் வலைப்பை) ஒட்டியிருந்தால் தண்ணீர் தெளித்து, நனைந்த பிறகு எடுத்துக் காகிதத்தில் மடித்துவிடுங்கள். பழைய மேண்டில்களில் தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் உண்டு, தூசியை மூக்கில் இழுக்கக் கூடாது. பழைய பெயிண்டும் அப்படித்தான். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில். அதனால் உலர்வாகத் தேய்க்காதீர்கள். கையுறை, மாஸ்க் போட்டுக்கொண்டு, பிள்ளைகள் விளையாடாத இடத்தில் வேலை நடக்கட்டும்.

உரிப்பதற்கு ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் பெயிண்ட் ரிமூவர் போதும். கெட்டியாக அப்பி, மேலே பாலிதீன் கவரைப் போர்த்தி வையுங்கள். இல்லாவிட்டால் மதுரை வெயிலில் ரிமூவர் காய்ந்து அப்படியே ஒட்டிக்கொள்ளும். கால் மணி நேரத்தில் பெயிண்ட் பால் ஆடை போலச் சுருங்கி எழும்பும். பிளாஸ்டிக் தகட்டால் வழித்தெடுங்கள். பெயர் பொறித்த இடத்துக்குப் பழைய டூத் பிரஷ்தான் சரி. காஸ்டிக் சோடா மலிவு என்று சிலர் சொல்வார்கள். அலுமினியம் இருந்தால் அதை அரித்துவிடும், புதியவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். நெருப்பில் வாட்டிப் பெயிண்டைப் பொசுக்குவதும் கூடாது. உள்ளே தங்கிய எண்ணெய் ஆவி வெடிக்கும், ஈயப் பற்றும் இளகிவிடும்.

மிச்சத் துருவை வாட்டர் பேப்பரால் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) தண்ணீர் தொட்டுத் தேய்க்கலாம். முதலில் 180 நம்பர் தாள், அப்புறம் அதைவிட நைசான 320. கழுவித் துடைத்து, தின்னர் தொட்ட பனியன் வேஸ்ட்டால் ஒரு துடைப்பு. அதற்குப் பிறகு வெறுங்கை படக்கூடாது. ஈர இரும்பு சீக்கிரமே மறுபடி துருப்பிடிக்கும், தீ படாத பாகங்களுக்கு அன்றைக்கே ரெட் ஆக்சைடு பிரைமர் (துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு) அடித்துவிடுங்கள்.

பிரைமருக்கு முன்பே பம்ப் துளை, மரைகள், காற்றுத் திருகு எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். மரையில் பெயிண்ட் போனால் மூடி சரியாக உட்காராது. டேங்குக்கு சாதாரண சிந்தெடிக் எனாமலே போதும், இரண்டு மெல்லிய கோட், இடையில் ஒரு நாள். தீ படும் பாகங்களுக்கு அது ஆகாது, கருகிவிடும். அங்கே வெப்பம் தாங்கும் அலுமினியம் பெயிண்ட், அதுவும் பிரைமர் இல்லாமல் நேராக இரும்பின் மேல்.

ஆடிக் காற்றில் தூசி ஒட்டும், சித்திரை மத்தியானத்தில் மேல்தோல் மட்டும் காய்ந்து சுருக்கம் விழும். காலை நேரம், நிழல், காற்றோட்டம் இருந்தால் போதும்.

தொட்டால் காய்ந்தது போலத்தான் தெரியும். ஆனாலும் ஒரு வாரம் விட்டுப் பொருத்துங்கள். முதல் தடவை வெட்டவெளியில் பற்ற வையுங்கள். புதுப் பெயிண்ட் கொஞ்ச நேரம் புகையும், நாற்றமும் அடிக்கும். சமையல் அதற்கு அப்புறம்.