பிரியும் பெற்றோர் முதலில் பேசவேண்டியது பிள்ளையின் கிழமையை

இலங்கையில் விவாகரத்துத் தீர்ப்பை மாவட்ட நீதிமன்றம்தான் தரும்; இருவருக்கும் நடுவே இருந்து பேச உதவும் மத்தியஸ்தர் தரமாட்டார். ஆனால் பிள்ளை எங்கே படுக்கும், யார் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றுவது என்பதை அவர் முன்னால் இருந்து பேசி முடிக்கலாம். இப்படிப் பேச யாரிடம் போகலாம் என்று பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரை விசாரியுங்கள்.

அடி, மிரட்டல் உள்ள வீட்டுக்கு இந்த மத்தியஸ்தப் பேச்சு சரிவராது. அங்கே 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாப்புக் கட்டளை கேட்பதே முதல் வேலை.

மத்தியஸ்தரிடம் போகமுன் பிள்ளையின் ஒரு கிழமையை ஒரு கொப்பியில் எழுதுங்கள்: பள்ளிக்கூடம், ரியூசன், மருந்து, அம்மம்மா வீடு. ‘இடைக்கிடை வந்து பார்க்கலாம்’ என்ற வரிதான் பிறகு சண்டையாகும். ‘சனி காலை 9 மணிக்குத் தகப்பன் கூட்டிப்போவார், ஞாயிறு மாலை 5 மணிக்குக் கொண்டுவந்து விடுவார்’ என்று எழுதவேண்டும். பொங்கல், நல்லூர்த் தேர், பள்ளி விடுமுறை எல்லாம் தனித்தனியே. தகப்பன் கனடாவில் என்றால் வட்ஸ்அப் அழைப்பை யாழ்ப்பாண நேரத்தில் குறியுங்கள். அங்கே பல இடங்களில் கோடையும் மாரியும் மணிக்கூடு மாறும்.

பிள்ளையின் செலவுக்குத் தரும் தாபரிப்புக் காசையும் பிள்ளையைக் காட்டுவதையும் முடிச்சுப் போடவேண்டாம். காசு பிந்தினால் பிள்ளையை மறைப்பது, மறைத்தால் காசை நிறுத்துவது: எழுதின ஒப்பந்தம் உடைவது பெரும்பாலும் இங்கேதான்.

மாமா, சித்தப்பாமார் வெளியே இருக்கட்டும். பிள்ளையிடம் ‘ஆரோட இருக்கப்போறாய்?’ என்று கேட்கவே வேண்டாம்.

முடிந்ததும் சட்டத்தரணி மூலம் வழக்கில் சமர்ப்பித்து நீதிமன்றக் கட்டளையாக்குங்கள். ஆறு மாதத்தில் மீளப் பார்ப்பதாகவும் ஒரு வரி சேருங்கள்.