கெர்னல் டெஸ்ட்: ராத்திரி ஓடவிட்டு, காலையில் வந்த முடிவை நம்புவது எப்படி

சாதாரண மென்பொருள் விழுந்தால், எங்கே விழுந்தது என்று எழுதிவைக்கக் கீழே இயங்குதளம் இருக்கும். கெர்னலை, அதாவது அந்த இயங்குதளத்தின் மையப் பகுதியை, சோதிக்கும்போது தரையே பெயர்ந்துவிடுகிறது. கடைசி லாக் வரிகள் டிஸ்கைத் தொடும் முன்பே எல்லாம் உறைந்திருக்கும். அதனால் டெஸ்ட் கெஸ்ட்டுக்குள் (மென்பொருளால் உருவாக்கிய மெய்நிகர் கணினி) ஓடட்டும், தீர்ப்பை வெளியே நிற்கும் ஹோஸ்ட் (கெஸ்ட்டைத் தாங்கும் நிஜக் கணினி) எழுதட்டும். மற்ற எல்லா ஏற்பாடும் இந்த ஒன்றுக்காகத்தான். இங்கே சொல்வது லினக்ஸ் கெர்னலுக்கு.

ஹோஸ்ட்டுக்கு 8 கோர், 32 ஜிபி ரேம், 500 ஜிபி எஸ்எஸ்டி இருந்தால் தொடங்கலாம். கியூஎமு-கேவிஎம் (மெய்நிகர் கணினியை இயக்கும் மென்பொருள்) கெஸ்ட் ஒவ்வொன்றுக்கும் 2 சிபியு, 4 ஜிபி; ஒரே நேரத்தில் மூன்றுக்கு மேல் வேண்டாம். ரேமில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். கேசான் (நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் சரிபார்ப்பு) போட்ட கெர்னல் நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கைத் தன் கணக்குக்கே எடுத்துக்கொள்ளும். 1 ஜிபி கெஸ்ட்டில் இடமில்லாமல் செத்த டெஸ்ட்டுக்கு நீங்கள் கெர்னலில் பிழை தேடிக்கொண்டிருப்பீர்கள்.

மூல டிஸ்க் இமேஜைப் படிக்க மட்டும் வையுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அதன்மேல் ஒரு மேலடுக்கு கியூகவ்2 கோப்பு (மாற்றங்கள் மட்டும் சேரும் கியூஎமு டிஸ்க் கோப்பு), முடிந்ததும் அழித்துவிடலாம். சென்னையில் கோடைகால ராத்திரியில் கரண்ட் போனாலும் மூல இமேஜ் அப்படியே இருக்கும். ஹோஸ்ட் பயாஸில், மின்சாரம் திரும்பியதும் தானாக பூட் ஆகும் அமைப்பை இயக்கிவிடுங்கள். ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் முன்னால் “தொடங்கியது” என்று ஒரு வரி ஹோஸ்ட் டிஸ்கில் விழ வேண்டும். தொடங்கி முடியாமல் நிற்கும் வரிதான் விட்ட இடம்.

பூட் அளபுருக்கள் நான்கு. கன்சோலை சீரியல் போர்ட்டுக்குத் திருப்புங்கள். கியூஎமு அதை ஹோஸ்ட்டில் ஒரு கோப்பாகச் சேமிக்கட்டும். ஊப்ஸ் (கெர்னலுக்குள் நேரும் கடுமையான பிழை) வந்தால் பேனிக் (கெர்னல் இயக்கத்தையே நிறுத்துவது) ஆகச் சொல்லுங்கள். பேனிக்கின் காத்திருப்பை -1 ஆக்கினால் உடனே ரீபூட் ஆகும். கியூஎமுவிடம் ரீபூட்டுக்குப் பதில் வெளியேறச் சொல்லியிருந்தால், கிராஷ் நடந்த சில நொடியில் ஹோஸ்ட்டுக்குத் தெரிந்துவிடும். இல்லையென்றால் ஒவ்வொரு கிராஷுக்கும் டைம்அவுட் தீரும்வரை காத்திருக்க வேண்டும். நான்காவது, சாஃப்ட் லாக்கப்பையும் பேனிக்காக மாற்றுவது. இயல்பான அமைப்பில் ஒரு சிபியு 20 நொடி சிக்கிக்கிடந்தால் கெர்னல் எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையே ஓட்டத்தை முடித்துவைக்கட்டும்.

ஓட்டும் வரிசை: மலிவானது முதலில். கேயூனிட் (கெர்னலின் சிறு பகுதிகளைத் தனித்தனியே சோதிப்பது) யூசர் மோடு லினக்ஸில் (சாதாரண நிரலாக ஓடும் கெர்னல்) சில நிமிடத்தில் முடியும். அது தோற்றால் மேலே போகாதீர்கள். அடுத்து கேசெல்ஃப்டெஸ்ட் (கெர்னல் மூலத்தோடே வரும் டெஸ்ட்டுகள்). கடைசியில் எல்டிபி (லினக்ஸ் டெஸ்ட் ப்ராஜெக்ட்), அதன் சிஸ்டம் கால் (நிரல்கள் கெர்னலிடம் வேலை கேட்கும் வழி) பிரிவில் மட்டும் ஆயிரத்துக்கு மேல் டெஸ்ட் உண்டு.

கேசெல்ஃப்டெஸ்ட்டில் பலரும் சறுக்குவது கான்ஃபிக்கில். பல டெஸ்ட் கோப்புறைகளில் தனக்கு வேண்டிய கெர்னல் அமைப்புகளை எழுதிய ஒரு கான்ஃபிக் கோப்பு இருக்கும். அதைச் சேர்க்காமல் கட்டினால் டெஸ்ட் தோற்காது. 4 என்ற வெளியேறும் எண்ணோடு ஸ்கிப் ஆகிவிடும். அறிக்கையில் தோல்வி பூஜ்யம், ஓடியதோ பாதிகூட இல்லை. தோல்வி எண்ணிக்கைக்கு அலாரம் வைப்பதுபோல ஸ்கிப் எண்ணிக்கைக்கும் வையுங்கள். நேற்று 40, இன்று 61 என்றால் யாரோ கான்ஃபிக்கைத் தொட்டிருக்கிறார்கள்.

எல்டிபியில் ஸ்கிப்பின் எண் 32, தோல்வி 1, டெஸ்ட்டே முறிந்தது 2. இவை பிட்டுகளாகச் சேர்ந்து வரும். 3 என்றால் தோல்வியும் முறிவும் சேர்ந்தது. ஸ்கிரிப்ட்டில் “பூஜ்யம் இல்லையென்றால் தோல்வி” என்று எழுதிவிட்டு ராத்திரிக்கு நூறு பொய்த் தோல்விகளோடு மல்லுக்கட்டாதீர்கள்.

கேசெல்ஃப்டெஸ்ட்டின் இயல்பான காலக்கெடு 45 நொடி. கேசானும் லாக் (பகிர்ந்த தரவைப் பூட்டுவது) சரிபார்ப்பும் போட்ட கெர்னலுக்கு அது போதாது; அந்தக் கோப்புறையின் செட்டிங்ஸ் கோப்பில் கூட்டுங்கள்.

பாஸ் ஆன டெஸ்ட்டையும் அப்படியே நம்ப வேண்டாம். டெஸ்ட் பாஸ், ஆனால் பின்னணியில் கெர்னல் ஒரு எச்சரிக்கை துப்பியிருக்கும். ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் முன்னும் பின்னும் கெர்னலின் டெயின்ட் எண்ணை (என்ன கோளாறு நடந்தது என்று கெர்னல் குறித்துவைப்பது) படித்து ஒப்பிடுங்கள். 512 ஏறியிருந்தால் எச்சரிக்கை, 128 ஏறியிருந்தால் ஊப்ஸ். 262144 என்பது டெஸ்ட் மாட்யூல் ஏற்றியதற்கான குறி, பயப்பட வேண்டாம். இதில் ஒரு பொறி: ஏறிய பிட் அடுத்த பூட் வரை இறங்காது. முதல் எச்சரிக்கைக்குப் பிறகு வரும் எச்சரிக்கைகளை அந்த எண் காட்டாது. சில எச்சரிக்கைகள் பூட்டுக்கு ஒரு முறைதான் வரும்படியே எழுதப்பட்டவை. எனவே ஒவ்வொரு தொகுதிக்கும் புது பூட், கூடவே சீரியல் லாகில் எச்சரிக்கை வரிகளின் எண்ணிக்கை.

டைமர் டெஸ்ட்டுகள் தனிக் கதை. அக்னி நட்சத்திர நாட்களில் ஏசி இல்லாத அறையில் சிபியு சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கெஸ்ட்டுக்குள் அது நேரப் பிழையாகத் தெரியும். மற்ற கெஸ்ட்டுகளை நிறுத்திவிட்டு, விடியற்காலை 2 மணிக்கு மேல் தனியாக ஓட்டுங்கள். ஒவ்வொரு முடிவோடும் ஹோஸ்ட்டின் வெப்பநிலையையும் கெஸ்ட்டின் ஸ்டீல் நேரத்தையும் (ஹோஸ்ட்டின் சிபியு கிடைக்காமல் கெஸ்ட் காத்திருந்த நேரம்) எழுதிவைத்தால், மே மாதத்தில் மட்டும் தோற்கும் டெஸ்ட் எது என்று பிறகு பார்க்க முடியும்.

நிஜ போர்டில் ஓட்டுவதென்றால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் யூஎஸ்பி-சீரியல் கேபிள் வாங்கும்போது 3.3 வோல்ட்டா என்று கேட்டு வாங்குங்கள். 5 வோல்ட் சிக்னல் ராஸ்பெர்ரி பையின் பின்னைக் கெடுத்துவிடும். கிரவுண்ட் 6ஆம் பின், போர்டு அனுப்புவது 8, வாங்குவது 10. சிவப்பு ஒயரை எதிலும் இணைக்காமல் விட்டுவிடுங்கள். வேகம் 115200. பல கேபிள் செருகினால் ரீபூட்டுக்குப் பின் பெயர் இடம் மாறும். சிஎச்340 சிப்பில் பெரும்பாலும் வரிசை எண் கிடையாது என்பதால், எந்த யூஎஸ்பி போர்ட் என்ற பாதையை வைத்து அடையாளம் காணுங்கள்.

சில நேரம் மட்டும் தோற்கும் டெஸ்ட்டைப் புது பூட்டில் மூன்று முறை திரும்ப ஓட்டலாம், ஆனால் முதல் முடிவை அழிக்கக் கூடாது. அது பெரும்பாலும் நிஜமான ரேஸ்தான் (இரு வேலைகளில் எது முந்துகிறது என்பதைப் பொறுத்து வரும் பிழை). ஐந்துக்கு ஒரு முறை தோற்கும் பிழையை கிட் பைசெக்ட்டில் (பிழை நுழைந்த மாற்றத்தைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் கட்டளை) துரத்தினால், ஒரு கமிட்டை (பதிவான ஒரு குறியீட்டு மாற்றம்) நல்லது என்று 95 சதவீத உறுதியோடு சொல்ல 14 முறை தொடர்ந்து பாஸ் ஆக வேண்டும். ஆயிரம் கமிட் என்றால் சுமார் பத்துப் படி.

பைசெக்ட் ஸ்கிரிப்ட்டின் வெளியேறும் எண்களைக் கவனித்து எழுதுங்கள். கட்டமுடியாத கமிட்டுக்கு 125 கொடுத்தால் தாண்டிப் போகும். 128ம் அதற்கு மேலும் வந்தால் பைசெக்ட் அங்கேயே நின்றுவிடும். டைம்அவுட் கட்டளை காலம் தீர்ந்தால் தருவது 124. அதை பைசெக்ட் “கெட்டது” என்றே எடுத்துக்கொள்ளும். ஹோஸ்ட்டில் நெட் இழுத்ததால் தாமதமான ஒரு பூட், குற்றமற்ற கமிட்டின்மேல் பழி போடும். கெஸ்ட் பூட் ஆகி லாகின் வரி வரும்வரை உள்ள டைம்அவுட்டை 125 ஆக்குங்கள், அதற்குப் பிறகு வருவதை மட்டும் 1 ஆக்குங்கள். நீங்கள் தேடும் பிழையே பூட்டில்தான் என்றால் இதைத் தலைகீழாக்க வேண்டும்.